சராசரிக்கு எந்தத் தேதி போடுவது?



இந்த வார எபிசோடில் காலத்தொடர் பற்றிப் பேசிக்கொண்டே போகும்போது "சென்டர்டு மூவிங் ஆவரேஜ்" என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, அப்படியே அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டோம். வேறு வழியில்லை. இது காதால் கேட்டுப் புரிகிற சமாச்சாரம் இல்லை. பேப்பரில் நாலு வரி எழுதிப் பார்த்தால்தான் பிடிபடும். அதுக்குத்தானே இந்த மெயில். பேனா ஒன்றைப் பக்கத்தில் வெச்சுக்கோங்க.

தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் வணிகக் கணிதம் எடுத்தவர்களுக்கு இது புதுசு இல்லை. "நான்காண்டு நகரும் சராசரி காண்க" என்று ஒரு கணக்கு வரும். அட்டவணை போட்டு, கூட்டி, நாலால் வகுத்து, விடையை ரெண்டு வரிக்கு நடுவில் எழுதச் சொல்வார்கள். அப்புறம் நடுவில் எழுதிய எண்களை மறுபடி ரெண்டு ரெண்டாகக் கூட்டி, இன்னொரு பத்தியில் வரிக்கு நேராக எழுதணும். ஏன் நடுவில், ஏன் மறுபடி என்று கேட்காமலே முழு மார்க் வாங்கியவர்கள் நிறையப் பேர். இன்றைக்கு அந்த "ஏன் நடுவில்" என்பதுதான் பாடம். பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் ஒரு அரசாங்க நடவடிக்கை வேலை செய்ததா இல்லையா என்கிற தீர்ப்பே அதனால் மாறிப்போகும்.

டோர்ட்மண்டில் உட்கார்ந்து எழுதுவதால் இந்த ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஏழு நாள் எண்

2020, 2021-ல் ஜெர்மனியில் இருந்தவர்களுக்கு காலையில் எழுந்ததும் பார்க்கிற முதல் எண் எதுவென்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள்: ஊரின் ஏழு நாள் இன்சிடென்ஸ். கடந்த ஏழு நாளில் பதிவான கொரோனா தொற்றுகளை எண்ணி, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று கணக்கிட்ட எண் அது. ராபர்ட் கோஹ் இன்ஸ்டிட்யூட் ஒவ்வொரு நகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தினமும் வெளியிட்டது. டோர்ட்மண்டின் மக்கள்தொகை சுமார் 6 லட்சம். ஆக, இன்சிடென்ஸ் 100 என்றால் ஏழு நாளில் சுமார் 600 பேர், நாளுக்குச் சராசரியாக 85 பேர் சொச்சம். ஏழால் வகுத்தாலும் வகுக்காவிட்டாலும் கோட்டின் வடிவம் ஒன்றுதான். பெயரில் சராசரி என்ற வார்த்தை இல்லாவிட்டாலும் அது ஒரு நகரும் சராசரி.

ஏன் ஏழு? வார இறுதியில் டெஸ்ட் எடுப்பது குறைவு, பதிவாவதும் குறைவு. ஞாயிறு, திங்களில் எண் சரியும். வாரத்தின் நடுவில் ஏறும். தினசரி எண்ணை அப்படியே வரைந்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கும். வைரஸுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, லீவு ஆபீஸுக்கு. ஏழு நாள் ஜன்னலை எங்கே வைத்தாலும் அதற்குள் சரியாக ஒரு ஞாயிறு, ஒரு திங்கள், ஒரு செவ்வாய் என்று எல்லாக் கிழமையும் ஒரு தடவை வந்துவிடும். கிழமையால் வருகிற ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஐந்து நாளோ பத்து நாளோ எடுத்தால் இது நடக்காது. ஜன்னலின் நீளம் நம்ம இஷ்டத்துக்கு எடுப்பது இல்லை. எந்தச் சுழற்சியைக் கழிக்கணுமோ அதன் நீளம்தான் ஜன்னலின் நீளம். இதை முதலில் மனசில் வெச்சுக்கணும்.

இப்போ முக்கியமான கேள்வி. 12-ஆம் தேதி முதல் 18-ஆம் தேதி வரையான ஏழு நாளுக்கு ஒரு சராசரி கிடைத்துவிட்டது. அதை கிராஃபில் எந்தத் தேதிக்கு நேராகப் புள்ளி வைப்பது?

இன்சிடென்ஸில் செய்தது 18-ல், அதாவது கடைசி நாளில் வைப்பது. இதைப் பின்நோக்கும் சராசரி என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த ஏழு எண்களும் விவரிப்பது 12 முதல் 18 வரையான காலத்தை. அந்தக் காலத்தின் நடு 15. நியாயமாகப் பார்த்தால் அந்தச் சராசரி 15-ஆம் தேதிக்குச் சொந்தம். அங்கே கொண்டுபோய் வைத்தால் அதுதான் மைய நகரும் சராசரி. எண் அதே எண்தான், கூட்டல் வகுத்தலில் ஒரு மாற்றமும் இல்லை. மாறுவது தேதி மட்டும்.

தேதி மாறினால் என்ன ஆகிவிடும்? ஒரு கற்பனை நகரத்தை எடுத்துக்கொள்வோம். தொற்று ஏறிக்கொண்டே போய் 15-ஆம் தேதி உச்சம் தொட்டு, பிறகு ஏறிய மாதிரியே இறங்குகிறது. நகராட்சி 17-ஆம் தேதி ஒரு கட்டுப்பாடு கொண்டுவருகிறது. பின்நோக்கும் சராசரியை வரைந்தால் உச்சம் 18-ல் வரும். பார்ப்பவர் என்ன சொல்வார்? "17-ல் மூடினார்கள், 18-ல் திரும்பிவிட்டது பார், என்ன வேகம்!" அதே எண்களை மையத்தில் வைத்து வரைந்தால் உச்சம் 15-ல். "இவர்கள் மூடுவதற்கு ரெண்டு நாள் முன்னாலேயே இறங்க ஆரம்பிச்சாச்சே!" ஒரே தரவு, ஒரே சராசரி, நேர் எதிரான ரெண்டு தீர்ப்பு. (நிஜத்தில் தொற்று ஏற்பட்டு, அறிகுறி வந்து, டெஸ்ட் எடுத்துப் பதிவாகப் பல நாள் ஆகும், மறுநாளே பலன் தெரிவது எப்படியும் நடக்காத காரியம். அந்தத் தாமதம் தனி. இந்த மூன்று நாள் தாமதம் சராசரி எடுத்த விதத்தால் நாமே சேர்த்தது.)

பின்நோக்கும் சராசரி எவ்வளவு பிந்தும் என்பதற்கு நேரான கணக்கு உண்டு: ஜன்னல் நீளத்திலிருந்து ஒன்றைக் கழித்து ரெண்டால் வகுக்கணும். ஏழு நாளுக்கு 3 நாள். பன்னிரண்டு மாதத்துக்கு ஐந்தரை மாதம். பங்குச் சந்தைக்காரர்கள் பார்க்கிற 200 நாள் சராசரிக்கு 99½ வர்த்தக நாள்.

அப்போ இன்சிடென்ஸைக் கடைசி நாளில் வைத்தது தப்பா என்றால், இல்லை. 2021 ஏப்ரலில் ஜெர்மனி நாடு முழுவதற்கும் ஒரு "அவசர பிரேக்" சட்டம் கொண்டுவந்தது. இன்சிடென்ஸ் தொடர்ந்து மூன்று நாள் 100-க்கு மேல் இருந்தால், அதற்கு அடுத்த மறுநாளிலிருந்து இரவு 10 மணி முதல் காலை 5 வரை ஊரடங்கு. 165-ஐத் தாண்டினால் பள்ளியில் நேரடி வகுப்பு இல்லை. ஜூன் 30 வரை அந்த விதி இருந்தது. இப்படி அன்றன்றைக்கு முடிவெடுக்கிற எண்ணுக்கு மைய சராசரியை வைக்கவே முடியாது. இன்றைய மைய சராசரி வேண்டுமென்றால் நாளை, நாளை மறுநாள், அதற்கும் அடுத்த நாள் எண்கள் வேணும். அவை யாரிடமும் இல்லை.

ஆக, என் கட்சி இதுதான்: இன்றைக்கு முடிவெடுக்கப் பின்நோக்கும் சராசரி, நடந்து முடிந்ததை ஆராய மைய சராசரி. சிக்கல் எங்கே வருகிறதென்றால், முடிவெடுக்க வரைந்த அதே கிராஃபை அப்படியே எடுத்து ஆறு மாதம் கழித்து "எது வேலை செய்தது" என்ற விவாதத்துக்குப் பயன்படுத்தும்போது. அப்போது எதிர்கால எண்கள் எல்லாம் கையில் வந்துவிட்டன. தேதியை நடுவுக்கு நகர்த்தாமல் விடுவதற்குச் சாக்கே இல்லை.

இந்த மாதிரி கிராஃப் விஷயத்தில் இந்த ஊருக்கு ஒரு மரபே உண்டு. டோர்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியலுக்கென்றே 1973 முதல் தனி ஃபேகல்டி இருக்கிறது. மற்ற இடங்களில் கணிதத் துறைக்கோ பொருளாதாரத் துறைக்கோ கீழே ஒரு மூலையில் இருக்கிற பாடம், இங்கே தனிக்குடித்தனம். புள்ளிவிவரத்தால் எப்படியெல்லாம் ஏமாற்றலாம் என்று 1991-ல் புத்தகம் எழுதிய வால்டர் கிரேமர் இங்கே பேராசிரியராக இருந்தவர். 2012 முதல் அவரும் உளவியலாளர் கெர்ட் கிகரென்ட்ஸரும் பொருளாதாரவாதி தாமஸ் பாவரும் சேர்ந்து மாதம் ஒரு தப்பான புள்ளிவிவரத்தைத் தேர்ந்தெடுத்துத் தோலுரிக்க ஆரம்பித்தார்கள். ஜெர்மன் படிக்க வருகிறவர்கள் அதைத் தேடிப் படியுங்க. மொழிப் பயிற்சியும் ஆச்சு.

இரட்டைப்படை வந்தால்

ஏழு ஒற்றைப்படை. நடுவில் ஒரு நாள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கு. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. ஆனால் ஆண்டுக்கு நாலு காலாண்டு, பன்னிரண்டு மாதம். ரெண்டுமே இரட்டைப்படை. நாலு பேர் வரிசையில் நின்றால் நடுவில் நிற்பவர் யார்? யாரும் இல்லை. ரெண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடையில் இருக்கிற வெற்றிடம்தான் நடு. பாடப் புத்தகத்தில் ரெண்டு வரிக்கு நடுவில் எழுதச் சொன்னதன் காரணம் இதுதான்.

கணக்காகப் பார்ப்போம். டோர்ட்மண்டில் ஒரு தமிழ்க் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மளிகை, மீன், வாழை இலை, மல்லிகைச் சரம் எல்லாம் விற்கிற கடை. காலாண்டு விற்பனை, ஆயிரம் யூரோக்களில். எண்கள் கணக்குக்காக நானே போட்டவை. எந்தக் கடையின் வரி ஆபீசருக்கும் இதில் வேலை இல்லை.

முதல் ஆண்டு: 40, 52, 48, 68.
இரண்டாம் ஆண்டு: 44, 56, 52, 72.

தீபாவளியும் கிறிஸ்துமஸும் வருகிற நாலாம் காலாண்டில் எகிறுகிறது. அடுத்த காலாண்டில் படுத்துக்கொள்கிறது. 68-லிருந்து 44-க்கு விழுந்ததைப் பார்த்துக் கடைக்கார அண்ணாவுக்குத் தூக்கம் போச்சு. வியாபாரம் வளர்கிறதா, தேய்கிறதா?

நாலு நாலாகக் கூட்டி நாலால் வகுங்க. 40, 52, 48, 68-ன் சராசரி 52. ஒரு படி நகர்த்தி 52, 48, 68, 44 எடுத்தால் 53. அடுத்து 48, 68, 44, 56: 54. அதற்கடுத்து 55, கடைசியில் 56. ஏற்கெனவே தெரிந்துவிட்டது, கடை காலாண்டுக்கு ஒன்று என்று நிதானமாக வளர்கிறது. அண்ணா தூங்கலாம்.

ஆனால் அந்த 52 எந்தக் காலாண்டுக்குச் சொந்தம்? முதல் ஆண்டின் ரெண்டாம், மூன்றாம் காலாண்டுகளுக்கு நடுவில், அதாவது கிட்டத்தட்ட ஜூன் 30 நள்ளிரவுக்கு. அடுத்த 53, மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில். ஒன்று மூன்றாம் காலாண்டுக்கு அரைப் படி முன்னால், இன்னொன்று அரைப் படி பின்னால். ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் சரியாக மூன்றாம் காலாண்டின் மேல் வந்து உட்காரும்: 52.5. இப்படியே நாலாம் காலாண்டுக்கு 53.5, அடுத்த ஆண்டு முதல் காலாண்டுக்கு 54.5, ரெண்டாவதுக்கு 55.5. இதுதான் "மறுபடி ரெண்டு ரெண்டாகக் கூட்டு" என்பதன் ரகசியம். 2×4 சராசரி என்று குறிப்பார்கள்.

ரெண்டு படியையும் ஒன்றாகச் சுருக்கலாம். மூன்றாம் காலாண்டின் 52.5-ஐப் பிரித்துப் பாருங்க: முதல் சராசரியில் 40, 52, 48, 68; ரெண்டாவதில் 52, 48, 68, 44. நடு மூன்று எண்களும் ரெண்டிலும் இருக்கின்றன. ஓரத்தில் இருக்கிற 40-ம் 44-ம் ஆளுக்கொரு தடவைதான். ஆக, ஐந்து எண் எடுத்து, ஓரத்து ரெண்டுக்கும் அரை மதிப்பு, நடு மூன்றுக்கு முழு மதிப்பு கொடுத்துக் கூட்டி நாலால் வகுத்தால் நேரடியாக விடை. 20 + 52 + 48 + 68 + 22 = 210; நாலால் வகுத்தால் 52.5. 40-ம் 44-ம் ரெண்டுமே முதல் காலாண்டு. பாதி போன வருஷத்திலிருந்து, பாதி இந்த வருஷத்திலிருந்து. சேர்ந்தால் ஒரு முழு முதல் காலாண்டு. எல்லாக் காலாண்டும் சம எடையோடு ஜன்னலுக்குள் இருக்கின்றன, ஜன்னலுக்கும் ஒரு நடு கிடைத்துவிட்டது. ரொம்ப அழகான ஏற்பாடு என்பது என் அபிப்ராயம்.

மாதத் தரவுக்கும் இதேதான்: 13 மாதம் எடு, ரெண்டு ஓரத்துக்கும் அரை மதிப்பு, நடு 11-க்கு முழு மதிப்பு, மொத்தத்தை 12-ஆல் வகு.

போக்கு தெரிந்தபின் பருவத்தைத் தனியே எடுக்கலாம். அசல் எண்ணிலிருந்து போக்கைக் கழியுங்க. மூன்றாம் காலாண்டு 48-லிருந்து 52.5 போனால் மைனஸ் 4.5. நாலாவது பிளஸ் 14.5. முதல் காலாண்டு மைனஸ் 10.5. ரெண்டாவது பிளஸ் 0.5. நாலையும் கூட்டினால் பூஜ்யம். (நிஜத் தரவில் இப்படிப் பிசிறில்லாமல் வராது; பல ஆண்டுகளின் வித்தியாசங்களைச் சராசரி எடுத்து, மிச்சத்தைச் சரிக்கட்டணும்.) இனி முதல் காலாண்டில் 44 வந்தால், "இது பத்தரை குறைவது வழக்கம்தான், வழக்கத்தைக் கழித்தால் 54.5" என்று அண்ணாவே சொல்லிக்கொள்ளலாம். மாதாமாதம் ஜெர்மன் வேலைவாய்ப்பு அலுவலகம் வெளியிடுகிற "பருவ மாறுதல் நீக்கிய" வேலையின்மை எண்ணின் பின்னால் இருக்கிற யோசனையும் இதுவே. ஜனவரியில் கட்டட வேலை நின்று வேலையின்மை ஏறும். கோடையில் பயிற்சிக்காலம் முடித்த இளைஞர்களால் கொஞ்சம் ஏறும். அதைக் கழிக்காமல் போன மாதத்தோடு ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது.

நம்ம கடைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மாத வாரியாகக் கணக்கு எடுத்தால் தீபாவளி மாட்டிக்கொள்ளும். 2022-ல் அக்டோபர் 24, 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. ஒரு வருஷம் கூட்டம் அக்டோபரில், ஒரு வருஷம் நவம்பரில். நகரும் சராசரிக்கு நகரும் பண்டிகையைத் தெரியாது. அக்டோபருக்கும் நவம்பருக்கும் என்று அது கண்டுபிடிக்கிற "வழக்கம்" ரெண்டும் கெட்டானாகத்தான் இருக்கும். காலாண்டாக எடுத்தால் தொல்லை இல்லை, எந்தத் தேதியானாலும் நாலாம் காலாண்டுக்குள்தான். பொங்கலைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது ஜனவரியை விட்டு நகராது.

கருவிகள் செய்கிற குறும்பு

இனி கோடு எழுதுகிறவர்களுக்கு. எக்ஸெல் சார்ட்டில் டிரெண்ட்லைன் போட்டு மூவிங் ஆவரேஜ் தேர்ந்தெடுத்தால் அது பின்நோக்கும் சராசரி. கேட்காமலே கடைசித் தேதியில் வைத்துவிடும். 12 மாத டிரெண்ட்லைன் போட்டுவிட்டு "ஜூலையில்தான் திரும்பியது" என்று ஸ்லைடு தயாரித்தால், உண்மையில் திரும்பியது ஜனவரி, பிப்ரவரி வாக்கில்.

பைத்தானில் பாண்டாஸ் பயன்படுத்துபவர்கள் ரோலிங் ஃபங்ஷனில் சென்டர் என்பதை ட்ரூ என்று கொடுத்தால் போதும் என்று நினைப்பார்கள். ஒற்றைப்படை ஜன்னலுக்குப் போதும். 12 என்று கொடுத்தால், நடு இல்லாத ஜன்னலுக்கு ஏதாவது ஒரு நடுவை அது தேர்ந்தெடுத்தாக வேண்டும்: முன்னால் ஆறு மாதம், அந்த மாதம், பின்னால் ஐந்து மாதம். சரி, அதன்மேல் இன்னொரு முறை 2 என்று ரோலிங் போட்டால் சரியாகிவிடும்தானே என்றால், அங்கேதான் வம்பு. 2-க்கான ஜன்னலில் சென்டர் ட்ரூ என்று கொடுத்தாலும் அது முந்தைய வரியையும் இந்த வரியையும்தான் எடுக்கும். முடிவு முழுசாக ஒரு மாதம் தள்ளி உட்கார்ந்திருக்கும். கடைசியில் ஷிஃப்ட் ஃபங்ஷனில் மைனஸ் 1 கொடுத்து ஒரு வரி மேலே ஏற்றணும்.

ஆர் மொழியின் ஃபில்டர் ஃபங்ஷன் இதற்கு நேர் எதிர். இரட்டைப்படை ஜன்னல் கொடுத்தால் எதிர்காலப் பக்கம் ஒன்று அதிகமாக எடுக்கும். ஒரே தரவு, ஒரே 12. பாண்டாஸில் ஏழாவது வரியில் வருகிற எண், ஆரில் ஆறாவது வரியில். ரெண்டு டீம் ரெண்டு கருவியில் வேலை பார்த்து ரிசல்ட் பொருந்தவில்லை என்றால் முதலில் இங்கே தேடுங்க. ரெண்டிலும் நிம்மதியான வழி, 13 எடைகளையும் நாமே கொடுப்பது: அரை, பதினொரு ஒன்று, அரை, எல்லாம் பை 12. ஆரின் டீகம்போஸ் ஃபங்ஷனும், பைத்தானில் ஸ்டாட்ஸ்மாடல்ஸின் சீசனல் டீகம்போஸும் உள்ளே செய்வது அதைத்தான்.

எந்தக் கருவியானாலும் நம்புவதற்கு முன் ஒரு டெஸ்ட். 1, 2, 3 என்று 24 வரை ஒரு தொடர் கொடுங்க. நேர்கோட்டின் மைய சராசரி அந்த நேர்கோடேதான். ஏழாவது வரியில் 7 வந்தால் சரி. ஏழாவது வரியில் 6.5 வந்தால் அரை மாதம் தள்ளியிருக்கு. எட்டாவது வரியில் 7 வந்தால் ஒரு மாதம். பத்து விநாடி வேலை.

ஓரத்தில் என்ன செய்வது

மேலே கடைக் கணக்கில் எட்டுக் காலாண்டு கொடுத்து நாலுக்குத்தான் விடை கிடைத்தது. முதல் ரெண்டும் கடைசி ரெண்டும் காலி. மாதத் தரவில் முன்னால் ஆறு, பின்னால் ஆறு போய்விடும். முன்னால் போனால் போகட்டும், பழங்கதை. பின்னால் போவதுதான் வலிக்கும். எல்லாரும் கேட்பது "இப்போ எப்படி இருக்கு" என்பதைத்தானே?

இந்த வலியை மறைக்காமல் தாங்கிக்கொள்கிற துறை ஒன்று இருக்கிறது: சூரியப் புள்ளி ஆராய்ச்சி. நம்ம ஊரிலும் அதற்கு நீண்ட வரலாறு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் தொடங்கியது. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது அங்கேதான். உலக அளவில் புள்ளிகளின் எண்ணிக்கையைத் தொகுத்து வெளியிடுவது பிரஸ்ஸல்ஸில் இருக்கிற பெல்ஜியம் அரச வானாய்வகம். மாத எண் தாறுமாறாகக் குதிக்கும் என்பதால் சூரியச் சுழற்சியின் உச்சத்தையும் அடியையும் தீர்மானிக்க அவர்கள் பார்ப்பது 13 மாதச் சராசரி: ஓரத்துக்கு அரை மதிப்பு, நடு 11-க்கு முழு மதிப்பு, 12-ஆல் வகு. நம்ம மளிகைக் கடை சூத்திரம் அச்சு அசலாக!

24-ஆம் சுழற்சி முடிந்து 25-ஆம் சுழற்சி தொடங்கிய அடிப்புள்ளி 2019 டிசம்பர். அதை நாசாவும் அமெரிக்காவின் நோவாவும் சேர்ந்து அறிவித்தது 2020 செப்டம்பர் 15. ஒன்பது மாதம் ஏன்? டிசம்பரின் மைய சராசரிக்கு ஜூன் வரை தரவு வேண்டும். அதுவே அடி என்று உறுதிசெய்ய, அடுத்தடுத்த மாதங்களின் சராசரி மேலே ஏறுவதையும் பார்க்கணும். அதற்கு ஜூலை, ஆகஸ்ட் தரவும் வேண்டும். சூரியனுக்கு அவசரம் இல்லை, காத்திருக்கலாம்.

வேலையின்மைக்குக் காத்திருக்க முடியாது. அதனால் பொருளாதாரப் புள்ளியியலில் வேறு வழி தேடினார்கள். 1965-ல் அமெரிக்க சென்சஸ் பியூரோவில் ஜூலியஸ் ஷிஸ்கினும் சகாக்களும் வெளியிட்ட எக்ஸ்-11 முறை, 2×12 மைய சராசரியில் ஆரம்பித்து, தொடரின் ஓரத்துக்கு வந்தால் ஒரு பக்கம் சாய்ந்த எடைகளைப் பயன்படுத்தும். கனடாவின் எஸ்தெலா பீ டாகம் 1980-ல் கொண்டுவந்த எக்ஸ்-11-அரிமா இன்னொரு உபாயம் செய்தது: வராத மாதங்களை முதலில் முன்கணித்து, அவை வந்துவிட்ட மாதிரி பாவித்து மைய சராசரி எடு. இன்றைக்கு ஜெர்மன் மத்திய வங்கி பயன்படுத்துகிற எக்ஸ்-13 வரை இந்த வம்சம்தான்.

எப்படிப் பார்த்தாலும் ஓரத்து எண் கடன் வாங்கிய எண். உண்மைத் தரவு வர வர அது மாறும். போன மாதம் "குறைந்தது" என்று செய்தியில் வந்த பருவம் நீக்கிய எண், ரெண்டு மாதம் கழித்து "குறையவில்லை" என்று திருத்தப்பட்டால் உடனே யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் ஜன்னலின் மறுபாதி நிரம்பியிருக்கும், அவ்வளவுதான். டேஷ்போர்டு தயாரிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடைசி ஆறு மாதத்தைப் புள்ளிக்கோடாகப் போடுங்க. முழுக்கோட்டோடு ஒட்டவைத்து ஒரே தடிமனில் இழுத்துவிடாதீங்க.

சராசரி எடுப்பதில் இன்னும் ரெண்டு ஆபத்து உண்டு, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரல் மாதிரி ஒரே ஒரு விபரீத மாதம் வந்தால், மைய சராசரி அந்தப் பள்ளத்தை முன்னும் பின்னுமாக 13 மாதத்துக்குத் தடவிவிடும். 2019 அக்டோபரிலேயே ஏதோ சரிய ஆரம்பித்த மாதிரி கோடு காட்டும்! எதிர்காலத்திலிருந்து பார்க்கிற சராசரிக்கு இந்தக் குணம் உண்டு. அந்த மாதத்தைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்கணும். ரெண்டாவது, 1927-ல் யெவ்கெனி ஸ்லூட்ஸ்கி என்கிற சோவியத் பொருளாதாரவாதி காட்டியது: லாட்டரி எண்களை எடுத்து நகரும் கூட்டல் போட்டார், வணிகச் சுழற்சி மாதிரியே அலை அலையாக வந்தது. குலுக்கலில் ஏது சுழற்சி? அலையை உண்டாக்கியது கூட்டல். வழவழப்பாக்கிய கோட்டில் "எட்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு அலை தெரியுதே" என்று யாராவது சொன்னால், வழவழப்பாக்காத தரவில் அது இருக்கிறதா என்று கேளுங்க.

கைப்பழக்கத்துக்கு ஒன்று: நம்ம கடையின் மூன்றாம் ஆண்டு எண்கள் 46, 58, 40, 74 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் காலாண்டில் கடை வாசலில் ரோடு தோண்டிப் போட்டிருந்தார்கள். ரெண்டாம் ஆண்டின் மூன்றாம் காலாண்டிலிருந்து மைய சராசரியை எடுத்துப் பாருங்க, அந்த 40 எந்தெந்தக் காலாண்டை எல்லாம் கீழே இழுக்கிறது என்று எண்ணுங்க. விடையை இந்த மெயிலுக்கே ரிப்ளையில் அனுப்பலாம். அடுத்த எபிசோடில் ஓரத்து முன்கணிப்பை, அதாவது அரிமாவை, எடுத்துக்கொள்கிறோம்.